போர்க்காலமும் காலேஜ் பையனும்: ராணுவ அதிகாரி ஆவது பற்றி கோபிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டே 12 வருஷம் என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, பொறுப்பும் பார்த்தேன், இப்போது ஓய்வு. 2025 மே 7-லிருந்து 10 வரை ஆபரேஷன் சிந்தூர் நடந்த நான்கு நாளில் என் ஃபோன் கீழே வைக்க முடியாமல் அடித்தது. பாதிப் பேர் பயந்துபோன அம்மாக்கள், மீதிப் பேர் உடனே துப்பாக்கி எடுக்கத் துடித்த பையன்கள். அப்போது கேட்டதும், அதற்குப் பிறகு மஞ்சள் மண்டியிலும் கல்யாண வீட்டிலும் நிறுத்திக் கேட்டதும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை விட்டுவிட்டேன்.

ஏனுங்க சார், சண்டை பெருசாச்சுன்னா என்.சி.சி.ல இருக்கற பசங்களைக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?

மாட்டார்கள். என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது, அதில் சேர்ந்ததற்காக ஒரு மாணவன் போர்முனைக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வருஷம் முடித்து சான்றிதழ் வாங்கிய பிறகும் இல்லை. நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவையே கிடையாது. இதை ஒரே நாளில் ஏழு பேருக்குச் சொன்னேன், எட்டாவதாகக் கூப்பிட்ட அம்மா, "சட்டம் கெடக்குதுங்க சார், நீங்க உங்க பையனா இருந்தா விடுவீங்களா?" என்றார். என் பையன் மூன்று வருஷம் காடெட்டாக இருந்தவன்தான், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அதைச் சொன்ன பிறகுதான் நம்பினார்.

அப்புறம் ஏன் எங்க அப்புச்சி 65-லயும் 71-லயும் காடெட்டுக வேலை பாத்தாங்கன்னு சொல்றாரு?

அப்புச்சி சொல்வது சரி. அந்த இரண்டு போரிலும் காடெட்டுகள் உள்நாட்டு வேலைகளில் இறக்கப்பட்டார்கள். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவி, போர்முனைக்குப் போகும் தளவாடங்களை அனுப்புவதில் உதவி, சிவில் டிஃபன்ஸ் ஆட்களோடு சேர்ந்து மீட்பு வேலை, போக்குவரத்தைச் சரிசெய்வது இப்படி. எதிரி பாராசூட்டில் இறங்கினால் பிடிக்கச் சில இடங்களில் ரோந்தும் போனார்கள். அப்போது என்.சி.சி.யை இரண்டாவது பாதுகாப்பு வரிசை என்றே நினைத்தார்கள். அந்தப் போர்களுக்குப் பிறகு பாடத்திட்டம் மாறியது, ஆயுதப் பயிற்சி குறைந்து தலைமைப் பண்பு, சமூக சேவை பக்கம் திரும்பியது. அதனால் அப்புச்சி பார்த்த என்.சி.சி. வேறு, பேரன் பார்க்கிற என்.சி.சி. வேறு.

காலேஜ் பசங்களை ஆபீசராக்கறது எப்ப ஆரம்பிச்சதுங்க?

போரில்தான் ஆரம்பித்தது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917-ல் வெள்ளைக்காரன் பல்கலைக்கழகப் படை என்று ஒன்றைத் தொடங்கினான். 1920-ல் அதை யூ.டி.சி., அதாவது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை, என்று மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது 1942-ல் பெயரில் 'அதிகாரி' என்ற சொல்லையும் சேர்த்து யூ.ஓ.டி.சி. ஆக்கினார்கள். பெயரைப் பார்த்தாலே எதற்குத் தேவைப்பட்டது என்று தெரியும். ஆனால் அது அவர்கள் எதிர்பார்த்த அளவு ஆளைத் தரவில்லை. அதனால் 1946-ல் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது, அதன் பரிந்துரைதான் 1948-ல் என்.சி.சி.யாக வந்தது. அடுத்த வருஷமே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது.

அந்த உலகப் போரில் இன்னொரு பக்கம் எமர்ஜென்சி கமிஷன், அதாவது போர்க்கால அவசரத்துக்கு அதிகாரிப் பதவி கொடுப்பது, என்று ஒன்று நடந்தது. டேராடூன் ராணுவ அகாடமி போதாமல் மோவ், பெல்காம், பெங்களூர் என்று பயிற்சிப் பள்ளிகள் திறந்து, குறுகிய பயிற்சி கொடுத்து இளைஞர்களை அதிகாரியாக்கினார்கள். சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகள் போர் முடியும்போது பல ஆயிரம். போர் முடிந்ததும் அதில் பெரும்பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

62-ல் சீனாக்காரன் வந்தப்ப காலேஜையே பட்டாளம் ஆக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

கொஞ்சம் அப்படித்தான். 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆனது. பிடிக்கிறதோ இல்லையோ காக்கி மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும். எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் அந்தக் காலத்தில் படித்தவர். பித்தளை பக்கிளுக்குப் பாலீஷ் போடாமல் வந்து வெயிலில் மைதானத்தைச் சுற்றியதையும், பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கையும் ஒரே மூச்சில் சொல்லிச் சிரிப்பார். 1968-ல் அந்தக் கட்டாயம் போய் விருப்பமானால் சேரலாம் என்றாகிவிட்டது.

அதைவிட முக்கியமானது எமர்ஜென்சி கமிஷன் மறுபடி வந்தது. படித்த இளைஞர்களைச் சீக்கிரம் அதிகாரியாக்க புனேவிலும் சென்னைப் பரங்கிமலையிலும் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். பரங்கிமலையில் அப்படி வந்ததுதான் இன்றைக்கு ஓ.டி.ஏ., அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமி, என்று நிற்கிறது, 1988-ல் பெயர் மாறியது. அன்று அதில் சேர்ந்தவர்கள் முழுப் பயிற்சியைவிடக் குறைந்த காலத்தில் தோளில் நட்சத்திரம் வாங்கினார்கள், நிறையப் பேர் 1965 போரில் நின்றார்கள். தேவை குறைந்ததும் அவர்களில் பலரைப் படிப்படியாக விடுவித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக மத்திய அரசின் உயர்பணித் தேர்வுகளில் சில இடங்களை ஒதுக்கினார்கள் என்பதும் உண்மை. இருபத்தைந்து வயதில் கம்பீரமாகப் போய் முப்பதில் மறுபடி வேலை தேடுகிற நிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போர்ச் சூட்டில் திறக்கிற கதவு அகலமாகத் திறக்கும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு இருக்கிற கதவு குறுகல், ஆனால் நிபந்தனை எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் நல்லது.

பரேடுல ஏன் இந்தியிலயே கத்தறாங்க?

சாவ்தான், விஷ்ராம் எல்லாம் ராணுவத்தின் பொதுக் கட்டளைச் சொற்கள். இது இங்கே பெரிய சண்டையாகவே ஆனது. 1968 ஜனவரி 23-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் போட்ட இருமொழித் தீர்மானத்திலேயே என்.சி.சி.யின் இந்திக் கட்டளைகளும் ஒரு விஷயமாக இருந்தது. இன்றைக்கும் கட்டளை இந்தியில்தான். நம் பையன்கள் அதைக் கொங்கு இழுப்போடு சொல்வதை வெளி மாநில முகாமில் கேட்டு ஹவில்தார் திரும்பிப் பார்ப்பார். பத்து இருபது சொல்தான், ஒரு மாதத்தில் காலுக்குப் பழகிவிடும்.

அக்னிவீர்ல சேந்தா ஆபீசர் ஆகலாமுங்களா?

இரண்டையும் குழப்பாதீர்கள். அக்னிவீர் சிப்பாய் நிலையில் நான்கு வருஷ சேவை, பதினேழரை வயதிலிருந்து போகலாம். அதிகாரி வழி வேறு, அதற்குப் பெரும்பாலும் பட்டப்படிப்பு வேண்டும்.

சரி, டிகிரி படிக்கற பையன் ஆபீசர் ஆக என்னதான் வழி?

நம் ஊர்ப் பையன்களுக்குப் பொருந்துகிற வழிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. கட்டணம் 200 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை. பரங்கிமலைக்கு மட்டும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டு தாள். டேராடூன், கடற்படை, விமானப்படை என்றால் கணிதமும் உண்டு. கணிதத்தைக் கண்டு ஓடுகிற கலைப்பிரிவுப் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் கணக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள்.

இரண்டாவது என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி. எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். என்.சி.சி.யின் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19-லிருந்து 25. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம். இங்கே ஒரு வேதனையான கதை இருக்கிறது. சான்றிதழ்த் தேர்வு எழுத 75 சதவீதம் பரேடு வருகை வேண்டும். எங்கள் வட்டாரக் கல்லூரி ஒன்றில் பதிவேட்டைச் சரியாக எழுதாமல் விட்டதால் நல்ல பையன் ஒருவனுக்குத் தேர்வே எழுத முடியாமல் போனது. அவன் தினமும் வந்தவன், எனக்கே தெரியும். அதனால் மாதம் ஒரு தடவை உங்கள் வருகையை நீங்களே போய்ப் பாருங்கள், சாரைத் தொந்தரவு செய்வதாக நினைக்காதீர்கள்.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தனியாக டெக்னிக்கல் நுழைவுகள் இருக்கின்றன, அதில் 27 வயது வரை போகலாம். கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு இன்ஜினியரிங் காலேஜ் இருந்தும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவுதான்.

பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. ஷார்ட் சர்வீஸ் என்பதால் 10 வருஷம், விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னும் 4 வருஷம். மேஜர் முகுந்த் வரதராஜன் இங்கே பயிற்சி முடித்து 2006-ல் அதிகாரியானவர், அவரும் பி.காம்.தான். வணிகவியல் வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

எஸ்.எஸ்.பி.ல இங்கிலீஷ் தெரியாதவனை வெளிய தள்ளிருவாங்களாமா?

அளவோடு தெரிந்தால் போதும், ஆனால் போதும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நம் பக்கம் நிறையப் பேருக்கு பெங்களூரு மையம்தான் வரும். ஐந்து நாள். முதல் நாளே ஒரு அறிவுத்திறன் சோதனையும் படம் பார்த்துக் கதை எழுதிப் பேசுகிற சோதனையும் வைத்து, அன்றைக்கே பாதிக்கு மேல் ரயில் ஏற்றிவிடுவார்கள். மீதி இருப்பவர்களுக்கு மனநிலைச் சோதனைகள். 60 சொல், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் வருகிற வாக்கியத்தை எழுத வேண்டும். அப்புறம் அரை மணி நேரத்தில் 60 சூழ்நிலைக்குப் பதில். யோசித்து நடிக்க நேரம் இருக்காது, அதற்காகத்தான் அந்தக் கணக்கு. பிறகு மைதானத்தில் கட்டையும் கயிறும் வைத்துக் குழு வேலை, தனித் தடைகள், தனி நேர்காணல், கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் உட்காரும் கான்ஃபரன்ஸ்.

நான் கவனித்தது ஒன்று. தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த பையன்கள் குழு வேலையில் பிரமாதமாகச் செய்வார்கள், மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கிய கைகள் அல்லவா. ஆனால் பேச மாட்டார்கள். வேலையைத் தானே செய்துவிட்டு ஓரமாக நிற்பார்கள். அங்கே நாலு பேரைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவனைத்தான் தேடுகிறார்கள். வீட்டில் தேங்காய் போடும் நாளில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பீர்களே, அதைத்தான் அங்கேயும் செய்ய வேண்டும். தப்பான ஆங்கிலமானாலும் சத்தமாகப் பேசுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள்.

சண்டை நடக்கறப்ப பயிற்சி முடிச்சா உடனே எல்லைக்குத்தானுங்களே?

இதற்குப் பொய் சொல்ல மாட்டேன். போகலாம். அருண் கேத்தர்பால் 1971 ஜூனில் அதிகாரியானார். இளம் அதிகாரிகளுக்கான படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போர்முனைக்குக் கூப்பிட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 16-ல் பசந்தர் சண்டையில் டாங்கியோடு இறந்தார், வயது 21. பரம்வீர் சக்கரம். கார்கிலில் விஜயந்த் தாப்பர் 1998 டிசம்பரில் அதிகாரியாகி 1999 ஜூனில் உயிர் விட்டார். ஆறு மாதம். பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டால் நான் இந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுவேன், சம்பளத்தை மட்டும் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. தெரிந்தும் சரி என்றால் அப்புறம் மற்றதைப் பேசலாம். அப்படிக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து விண்ணப்பம் போட்டவர்களும் உண்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள் அதிகம்.

நாடு ஆபத்துல இருக்குது, டிகிரிய விட்டுட்டு இப்பவே போறேன்னு எங்கூட்டுப் பையன் நிக்கறான். என்ன சொல்றதுங்க?

முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இன்றைய விதிப்படி டிகிரி இல்லாமல் நான் சொன்ன வழிகளில் நுழையவே முடியாது, அதனால் இது அறிவுரைகூட இல்லை.

பாதியில் விட்டுப் போய்ப் பெரிய ஆளானவர்கள் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு உலகப் போர் முடியும் நேரத்தில் ராணுவத்துக்குப் போனவர், பின்னால் தரைப்படைத் தளபதியாகவே ஆனார். ஆனால் இந்தப் பக்கத்தையும் பாருங்கள். ஜப்பானில் 1943 வரை பல்கலைக்கழக மாணவர்களைப் படிப்பு முடியும்வரை விட்டு வைத்திருந்தார்கள். போரில் ஆள் குறையவும் அந்த வருஷம் சலுகையை எடுத்துவிட்டு, இலக்கியமும் சட்டமும் படித்தவர்களை அனுப்பினார்கள். விஞ்ஞானமும் இன்ஜினியரிங்கும் படித்தவர்கள் ஆயுதத்துக்கு வேண்டும் என்று வகுப்பிலேயே விட்டார்கள். அக்டோபர் 21-ல் டோக்கியோ மைதானத்தில் கொட்டுகிற மழையில் அணிவகுப்பு நடத்தி வழியனுப்பினார்கள். படித்தவர்கள் என்பதால் நிறையப் பேர் அதிகாரிப் பயிற்சிக்குப் போனார்கள், விமானத்தோடு கப்பலில் மோதிச் செத்தவர்களில் இந்த மாணவர்களும் இருந்தார்கள். ஒரு நாடு படிக்கிற பையன்களை வகுப்பிலிருந்து அள்ளுகிறது என்றால் அந்தப் போர் கைமீறிவிட்டது என்று அர்த்தம். நம் நாடு அந்த நிலையில் இல்லை. பையனிடம் அரியர் எத்தனை என்று முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் இப்படித் திடீரென்று நிற்பவர்களுக்குக் குறைந்தது மூன்று இருக்கும்.

பொண்ணுக போலாமுங்களா?

போகலாம். 1992-லிருந்து பரங்கிமலையில் பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். சி.டி.எஸ்., என்.சி.சி. என்ட்ரி இரண்டிலும் பெண்களுக்கு இடம் உண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

முறைப்பையன் ரெடியா இருக்கறான், கண்ணாலம் முடிச்சுட்டு அனுப்பலாமா?

கூடாது. கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும், பயிற்சி முடியும்வரை செய்துகொள்ளவும் கூடாது. ஆணுக்கும் இதேதான். நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பொறுக்க மாட்டோம் என்றார்களாம். புள்ளை பொறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டது.

டாட்டூ, கண்ணாடி, தட்டைப் பாதம்?

டாட்டூ முழங்கைக்குக் கீழே உள்பக்கம், புறங்கை இவ்வளவுதான் அனுமதி. மார்பில் குலதெய்வத்தைக் குத்திக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்ய முடியும். கண்ணாடி போட்டவர்களுக்கும் வாய்ப்பு உண்டு, பவருக்கு வரம்பு இருக்கிறது. தட்டைப் பாதம், முட்டி தட்டுவது, நிறக்குருடு இவற்றை விண்ணப்பம் போடும் முன்பே ஒரு டாக்டரிடம் பார்த்துவிடுங்கள், எஸ்.எஸ்.பி. முழுவதும் தேறி மருத்துவத்தில் விழுந்தவனின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

பயிற்சியிலயே அடிபட்டுட்டா?

கேட்க வேண்டிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. பயிற்சியில் ஊனமாகி வெளியே வந்த காடெட்டுகளுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற நிலை கிடைக்காமல் பலர் சிரமப்பட்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே எடுத்து விசாரித்தது. சேரும் சமயத்தில் இருக்கும் விதியை, காப்பீடு உட்பட, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

வேலைக்குப் போயிட்டேன், தறி ஓட்டறேன், இப்ப வழி இல்லீங்களா?

டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. சொந்தத் தொழிலோ வேலையோ பார்த்துக்கொண்டே வருஷத்தில் சில காலம் சீருடை போடுவது. பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூரிலேயே அதன் மெட்ராஸ் பட்டாலியன் ஒன்று இருக்கிறது. ஆனால் இங்கே முதல் கேள்விக்குச் சொன்ன பதில் பொருந்தாது. 2025 மே மாதம் இவர்களைப் பணிக்கு அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தளபதிக்கு அரசு அதிகாரம் கொடுத்தது, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைக்கலாம் என்று. கூப்பிட்டால் தறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். வீட்டில் பேசிவிட்டு முடிவு பண்ணுங்கள்.

ஓடிப் பழகோணும், எங்க ஓடறது?

பரங்கிமலைக்குப் போகும்போதே ஆண்கள் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடத் தயாராக இருக்க வேண்டும். கோபிக்காரர்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் கரை போதும், ஜிம் எல்லாம் வேண்டாம். மைல்கல்லை நம்பாதீர்கள், ஃபோனில் அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் விட்டிருக்கும் மாதத்தில் கரை சறுக்கும், நெல் அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரும், ஐந்தரைக்குள் முடித்துவிட்டால் நல்லது. சனிக்கிழமை நானும் அங்கேதான் நடக்கிறேன், சந்தேகம் இருந்தால் நிறுத்திக் கேட்கலாம், ஆனால் கூடவே நடந்துகொண்டு கேளுங்கள்.